தங்கமீன் ஏன் வெளுக்கிறது?

வீட்டில் கண்ணாடித் தொட்டி வைத்துத் தங்கமீன் வளர்ப்பவர்களுக்கு ஒரு பொதுவான மனக்குறை உண்டு. கடையில் பார்த்தபோது செக்கச் செவேலென்று இருந்த மீன், வீட்டுக்கு வந்த சில மாதங்களில் ஆரஞ்சுப்பழ நிறத்துக்கு இறங்கி, பிறகு எலுமிச்சம்பழ நிறமாகி, கடைசியில் வெளிறிப் போய்விடுகிறது. மீனுக்கு நோய் ஒன்றும் இல்லை. நன்றாக நீந்துகிறது, போட்டதைத் தின்கிறது, பருத்தும் இருக்கிறது. நிறம் மட்டும் போய்விட்டது! கடைக்காரர் சாயம் ஏற்றி ஏமாற்றிவிட்டார் என்பார் ஒருவர். குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின் வெளுத்துவிட்டது என்பார் இன்னொருவர். பாசி படிந்த சிமெண்டுத் தொட்டியில் அதே வகை மீனை விட்டு வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரரோ, தம் மீன் நாளுக்கு நாள் சிவந்து வருகிறதே என்று வியப்பார்.

மூன்றாமவர் சொல்வதில்தான் விடை ஒளிந்திருக்கிறது. அந்தப் பாசியில் என்ன இருக்கிறது? அது மீனின் தோலுக்கு எப்படிப் போய்ச் சேருகிறது? அதற்கும் நீங்கள் வகுப்பில் படிக்கும் அலைநீளத்துக்கும் எலெக்ட்ரானுக்கும் என்ன உறவு? இவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

முதலில் விளக்கைப் பாருங்கள்

நிறம் மாறிவிட்டது என்று யாராவது சொன்னால், இயற்பியல் படித்தவன் பொருளைப் பார்ப்பதற்கு முன் விளக்கைப் பார்ப்பான். சிவப்பு மீன் சிவப்பாகத் தெரிவதற்குக் காரணம், அதன் மீது விழும் ஒளியில் உள்ள சிவப்புப் பகுதியை அது திருப்பி அனுப்புவதுதான். விளக்கிலேயே சிவப்பு குறைவாக இருந்தால் மீன் எதைத் திருப்பி அனுப்பும்? மலிவான வெள்ளை எல்.இ.டி. விளக்குகள் சிலவற்றில் நீலம் மிகுந்தும் சிவப்பு குறைந்தும் இருக்கும். கடையிலோ தொட்டிக்கு மேல் இளஞ்சிவப்பு விளக்கு எரியும். அங்கே சாதாரண மீனும் தீக்கொழுந்து போல் தோன்றும். ஆகவே உங்கள் மீனைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன், காலை வெயில் வெளிச்சத்தில் ஒரு முறை பார்த்துவிடுங்கள். பாதிக் கவலை அங்கேயே தீர்ந்தாலும் தீரும்.

இன்னொன்று, நிறம் எவ்வளவு வேகமாக மாறியது என்பதையும் கவனியுங்கள். விடியற்காலையில் திடீரென்று விளக்கைப் போட்டால் பல மீன்கள் வெளிறித் தெரியும். சிறிது நேரத்தில் பழைய நிறம் வந்துவிடும். நிற உயிரணுவுக்குள் நிறமித் துகள்கள் ஓரிடத்தில் குவிந்தால் மீன் வெளிறும். உயிரணு முழுதும் பரவினால் நிறம் அடர்த்தியாகும். நரம்புகளும் ஹார்மோன்களும் இதை நிமிடக் கணக்கில் செய்கின்றன. மீன் அஞ்சினாலும், தொட்டியின் அடித்தளம் வெள்ளையாக இருந்தாலும் இப்படி நடக்கும். இதற்கும் உணவுக்கும் தொடர்பில்லை. உணவால் வரும் மாற்றம் வாரக் கணக்கில், மாதக் கணக்கில் நடப்பது.

மூன்று வகைச் சரக்கு

மீனின் நிறம் செதிலில் இருப்பதாகப் பலர் எண்ணுகிறார்கள். செத்த மீனின் செதில் ஒன்றை எடுத்து நன்றாகக் கழுவி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கண்ணாடித் தகடு போல ஒளி புகும். நிறம் இருப்பது தோலில், அங்குள்ள நிற உயிரணுக்களில்.

அவற்றில் உள்ள சரக்கு முக்கியமாக மூன்று வகை. முதலாவது மெலனின். கறுப்பும் பழுப்பும் இதனால் வருபவை. நம் தலைமயிரில் இருப்பதும் இதே பொருள்தான். டைரோசின் என்னும் அமினோ அமிலத்திலிருந்து மீன் இதைத் தானே தயாரித்துக் கொள்கிறது.

இரண்டாவது குவானின். இது நிறமியே அன்று, நிறமற்ற படிகம். மெல்லிய தட்டுகளாக, இடையில் நீர்மம் தேங்க, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கிறது. மீன் வயிற்றின் வெள்ளிப் பளபளப்பு இதனால்தான். அமேசான் பகுதியின் நியான் டெட்ரா மீனின் பக்கவாட்டில் விளக்குக் கோடு போல ஒளிரும் நீலமும் இதனால்தான். நிறமற்ற பொருள் எப்படி நீலம் தரும் என்று கேட்கிறீர்களா? சோப்புக் குமிழி தருகிறதே! ஒவ்வொரு தட்டின் எல்லையிலும் சிறிதளவு ஒளி திரும்புகிறது. திரும்பிய அலைகள் முகட்டோடு முகடு பொருந்திச் சேர்ந்தால் அந்த நிறம் வலுப்பெறும். தட்டும் நீர்ம இடைவெளியும் தனித்தனியே கால் அலைநீள ஒளிப்பாதை அளவு இருந்தால் இது மிகச் சிறப்பாக நடக்கும். 480 நானோமீட்டர் நீல ஒளிக்குக் கால் பங்கு 120. குவானினின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.83, ஆகவே தட்டின் தடிமன் சுமார் 66 நானோமீட்டர் வேண்டும். நீர்மத்தின் எண் சுமார் 1.33, ஆகவே இடைவெளி சுமார் 90 நானோமீட்டர். இது கணக்கின்படி மிகச் சிறந்த அமைப்பு. உயிருள்ள மீனில் அளவுகள் சற்று முன்பின்னாக இருக்கும், விதி ஒன்றே. இரவில் நியான் டெட்ரா இந்த இடைவெளியைக் குறைத்துக் கொள்வதால் அதன் கோடு ஊதாப் பக்கம் நகர்ந்து மங்குகிறது. குவானினையும் மீன் தன் உடலிலேயே உண்டாக்கிக் கொள்கிறது. ஆதலால் "நீலம் கூட்டும் உணவு" என்று யாராவது விற்றால், சற்று யோசித்துப் பணத்தை எடுங்கள்.

மூன்றாவது வகையில்தான் நம் தங்கமீனின் கதை இருக்கிறது. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு ஆகிய நிறங்களைத் தரும் கரோட்டினாய்டுகள் இவை. கேரட்டின் பெயரால் இப்பெயர். தாவரங்கள், பாசிகள், பாக்டீரியாக்கள், சில பூஞ்சைகள் ஆகியவை இவற்றைத் தயாரிக்கின்றன. விலங்குகளால் இயலாது, தின்றுதான் பெறவேண்டும். (இதற்கும் ஒரு விதிவிலக்கு அகப்பட்டது. பயறு வகைச் செடிகளில் மொய்க்கும் ஒரு வகை அசுவுணிப் பூச்சி, என்றோ ஒரு பூஞ்சையிடமிருந்து பெற்ற மரபணுக்களைக் கொண்டு தானே கரோட்டினாய்டு தயாரிக்கிறது என்று 2010-ஆம் ஆண்டில் கண்டறிந்தார்கள். மீன்களுக்கு அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை.) மீனுக்கு மட்டுமன்று, பழவேற்காட்டுக்கும் கோடியக்கரைக்கும் வரும் பூநாரைக்கும் இளஞ்சிவப்பு இப்படித்தான் கிடைக்கிறது. உயிர்க்காட்சிச் சாலைகளில் வெறும் தானியமும் மீனும் கொடுத்தால் அதன் இறகுகள் அடுத்தடுத்து முளைக்கும்போது வெளுத்தே முளைக்கும்.

வீணைத் தந்தியும் நிறமியும்

கரோட்டினாய்டு ஏன் நிறமுடையதாக இருக்கிறது? தேங்காய் எண்ணெயிலும் கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் அணுக்களே உள்ளன. ஆனால் அது நிறமற்றது. வேறுபாடு அணுக்களில் இல்லை, அவை கைகோத்து நிற்கும் முறையில் இருக்கிறது.

கரோட்டினாய்டின் மூலக்கூறு 40 கார்பன் அணுக்களைக் கொண்ட ஒரு நீண்ட சங்கிலி. அதில் ஒற்றைப் பிணைப்பு, இரட்டைப் பிணைப்பு, ஒற்றை, இரட்டை என்று மாறி மாறி வருகின்றன. இப்படி மாறி மாறி வரும் இடங்களில் சில எலெக்ட்ரான்கள் எந்த ஓர் அணுவுக்கும் கட்டுப்படாமல் அந்தத் தொடர் நெடுகிலும் பரவி நிற்கின்றன. எலெக்ட்ரானுக்கு அலைத் தன்மை உண்டு என்று படித்திருப்பீர்கள். இரு முனைகளுக்கிடையே கட்டிய வீணைத் தந்தியை நினைத்துக் கொள்ளுங்கள். மெட்டில் விரலை அழுத்தித் தந்தியின் நீளத்தைக் குறைத்தால் சுருதி ஏறுகிறது. விரலை எடுத்துவிட்டால் சுருதி இறங்குகிறது. எலெக்ட்ரான் அலையும் அப்படியே. அது உலாவும் இடம் குறுகியதாக இருந்தால், ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்கு ஏறுவதற்கு மிகுந்த ஆற்றல் வேண்டும். இடம் நீண்டால் குறைந்த ஆற்றலே போதும்.

இதற்குத் தக்காளியே சாட்சி. அதன் சிவப்பு நிறமி லைக்கோபீன் ஒரே நாளில் உருவாவதில்லை. முதலில் பைட்டோயீன் என்ற பொருள் உண்டாகிறது. அதில் தொடர்ச்சியாக மாறி வரும் இரட்டைப் பிணைப்புகள் 3. அது உட்கவர்வது 286 நானோமீட்டர் அளவிலான புற ஊதா ஒளி. நம் கண்ணுக்கு நிறமே இல்லை. தொடர் 7 ஆக நீளும்போது உட்கவர்ச்சி 400 நானோமீட்டருக்கு வந்து, பொருள் வெளிர் மஞ்சளாகிறது. 11 ஆகும்போது லைக்கோபீன், 470 நானோமீட்டர், சிவப்பு! 1240-ஐ நானோமீட்டர் அளவால் வகுத்தால் ஆற்றல் எலெக்ட்ரான் வோல்ட்டில் கிடைக்கும். போட்டுப் பாருங்கள்: 4.3, 3.1, 2.6 என்று இறங்கி வருகிறது. (வெறும் பெட்டிக்குள் அடைபட்ட எலெக்ட்ரான் என்ற எளிய கணக்கால் இதே எண்கள் வந்துவிடா, ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் ஒரே நீளமல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அது கல்லூரிக்கு வந்த பிறகு.)

தங்கமீனின் செந்நிறத்துக்குக் காரணமான தலையாய கரோட்டினாய்டு அஸ்டாசாந்தின். அதன் தொடர், இரு முனைகளிலும் உள்ள ஆக்சிஜன் பிணைப்புகளையும் சேர்த்து, 13. வெள்ளை ஒளியில் நீலத்தையும் நீலப்பச்சையையும் அது விழுங்கிவிடுகிறது. மிஞ்சுவது நம் கண்ணுக்கு வருகிறது.

மிஞ்சுவது மஞ்சளா, ஆரஞ்சா, சிவப்பா? அது நிறமியின் வகையை மட்டுமன்று, அளவையும் பொறுத்தது. குங்குமப்பூவின் நிறமியும் கரோட்டினாய்டுக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். நூலாக இருக்கும்போது கருஞ்சிவப்பு. அதையே ஒரு டம்ளர் பாலில் கரைத்தால் மஞ்சள். பொருள் மாறவில்லை, செறிவுதான் குறைந்தது. செறிவு மிகுந்தால் நீலத்தோடு பச்சையும் விழுங்கப்படுகிறது, எஞ்சுவது சிவப்பு. செறிவு குறைந்தால் நீலம் மட்டும் போகிறது, எஞ்சுவது மஞ்சள். இப்போது உங்கள் தங்கமீன் சிவப்பிலிருந்து ஆரஞ்சுக்கும், ஆரஞ்சிலிருந்து மஞ்சளுக்கும் ஏன் இறங்கியது என்பது விளங்குகிறதல்லவா? அதன் தோலில் நிறமி நீர்த்துப் போகிறது.

ஏன் நீர்த்துப் போகிறது? பழைய நிறமி உடலில் சிறிது சிறிதாகச் சிதைந்துகொண்டே இருக்கிறது. உணவில் புதிது வருவதில்லை. அதோடு மீன் வளர்கிறது. 5 சென்டிமீட்டர் மீன் 10 சென்டிமீட்டர் ஆனால் நீளம் இரு மடங்கு; தோலின் பரப்போ நான்கு மடங்கு. இருந்த நிறமியை நான்கு மடங்கு பரப்பில் பூசினால் எப்படி இருக்கும்? "நன்றாகப் பருத்தும் நிறம் போய்விட்டதே" என்று வருந்தினோமே, பருத்ததும் ஒரு காரணம்தான்.

எல்லா மீனும் சமையற்காரர் அல்ல

அப்படியானால் கேரட்டைத் துருவிப் போட்டால் போதுமா? அவ்வளவு எளிதன்று. தின்ற கரோட்டினாய்டை வேண்டியபடி மாற்றிக்கொள்ளும் திறமையில் மீன்களுக்குள் பெரிய வேறுபாடு உண்டு.

தங்கமீனும் அதன் உறவான வண்ணக்கெண்டையும் நல்ல சமையற்காரர்கள். பாசிகளிலும் மஞ்சள் மக்காச்சோளத்திலும் உள்ள ஜியாசாந்தின் என்னும் மஞ்சள் நிறமியைத் தின்று, அதன் சங்கிலியின் இரு முனைகளிலும் ஆக்சிஜன் சேர்த்துச் சிவப்பு அஸ்டாசாந்தினாக ஆக்கிக்கொள்ள அவற்றால் முடியும். சுருள்பாசி கொடுத்தால் தங்கமீன் சிவப்பதன் மருமம் இதுதான். சுருள்பாசியில் ஜியாசாந்தின் இருக்கிறது. செண்டுமல்லியில் உள்ள லூட்டீனும் ஓரளவு பயன்படும். கேரட்டின் பீட்டா கரோட்டினை இவை அவ்வளவு திறமையாகச் சிவப்பாக்குவதில்லை. அதில் ஒரு பகுதி வைட்டமின் ஏ-யாக மாறிவிடும். ஜப்பானில் வண்ணக்கெண்டைக்குப் பெயர் பெற்ற நீகாத்தா பகுதியில், கோடையில் குஞ்சுகளைச் சேற்றுக் குளங்களில் விட்டு வளர்க்கும் வழக்கம் உண்டு. பச்சைத் தண்ணீரும் அதிலுள்ள நுண்ணுயிர்களுமே அங்கே நிறம் கொடுக்கும் சரக்கு.

சால்மன் மீனுக்கு இந்தச் சமையல் தெரியாது. அதற்குச் சமைத்த சோறுதான் வேண்டும்; அதாவது அஸ்டாசாந்தினாகவே கிடைக்க வேண்டும். கடலில் அது இறால் வகைகளைத் தின்கிறது. அவை பாசியிலிருந்து பெற்ற நிறமியை மாற்றி வைத்திருக்கின்றன. சால்மனின் சதையே இளஞ்சிவப்பாக இருப்பது இதனால்தான். முட்டையிடும் காலம் வந்து ஆற்றில் ஏறும்போது, சாக்கை என்னும் சால்மன் வகை சதையில் சேர்த்து வைத்த நிறமியைத் தோலுக்கும் முட்டைகளுக்கும் மாற்றிவிடுகிறது. தோல் செக்கச் சிவக்கும், சதை வெளிறும்.

நார்வே, சிலி போன்ற நாடுகளில் வலைக் கூண்டுகளில் வளர்க்கப்படும் சால்மனுக்கு இறால் ஏது? நிறமி சேர்க்காவிட்டால் அதன் சதை சாம்பல் கலந்த வெண்மையாகவே இருக்கும், வாங்குவார் இல்லை. ஆகவே தீவனத்தில் அஸ்டாசாந்தின் சேர்க்கிறார்கள். சதையின் நிறத்தை அளக்க 20 முதல் 34 வரை எண்ணிட்ட வண்ண அட்டை விசிறி ஒன்றே வழக்கத்தில் இருக்கிறது. நம்மூர்ப் பெயிண்டுக் கடையில் பார்க்கும் அட்டை போன்றதுதான். தின்ற அஸ்டாசாந்தினில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் சதையில் தங்குகிறது என்பதால் இது செலவு பிடிக்கும் வேலை.

ஆனால் உணவே எல்லாம் என்றும் முடிவு கட்டிவிடாதீர்கள். சினூக் என்ற சால்மன் வகையில் சில மீன்கள் மற்றவை தின்பதையே தின்றும் வெள்ளைச் சதையோடு இருக்கின்றன. நிறமியைத் தக்கவைத்துக் கொள்ளும் திறம் அவற்றின் மரபில் இல்லை. உங்கள் தொட்டியில் பிறவியிலேயே வெள்ளையான தங்கமீன் இருந்தால், மூட்டை மூட்டையாகச் சுருள்பாசி போட்டாலும் அது சிவப்பு மீனாகிவிடாது. மரபு கிண்ணத்தின் அளவை நிர்ணயிக்கிறது. உணவு அதை நிரப்புகிறது.

இறால் பற்றிச் சொன்னதும் உங்களுக்கு ஓர் ஐயம் எழவேண்டும். பச்சை இறால் சிவப்பாகவே இல்லையே? நீலமும் சாம்பலுமாக அல்லவா இருக்கிறது? ஆம். அதன் ஓட்டில் அஸ்டாசாந்தின் ஒரு புரதத்தின் பிடியில் இருக்கிறது. கடல் நண்டு வகையான லாப்ஸ்டரில் இந்தப் பிடி, 470-480 நானோமீட்டரில் இருந்த உட்கவர்ச்சியை 632 நானோமீட்டருக்குத் தள்ளிவிடுகிறது. அதாவது சிவப்பு ஒளி விழுங்கப்பட்டு நீலம் வெளியே வருகிறது. கொதிக்க வைத்தால் புரதம் குலைகிறது, பிடி விடுபடுகிறது, நிறமி தன் சொந்தச் சிவப்புக்குத் திரும்புகிறது. உங்கள் வீட்டு அடுப்பில் எத்தனையோ முறை நடந்த சோதனை இது.

பெண் மீனின் பார்வை

இவ்வளவு பாடுபட்டு மீன் ஏன் சிவக்க வேண்டும்? கொசுப்புழுவைத் தின்பதற்காக நம் ஊர்க் கிணறுகளிலும் தொட்டிகளிலும் விடப்படும் கப்பி மீனை அறிவீர்கள். அதன் தாயகங்களுள் ஒன்று டிரினிடாட் தீவின் ஓடைகள். ஆண் கப்பியின் உடலில் ஆரஞ்சுப் புள்ளிகள் இருக்கும். பல ஓடைகளில் பெண் மீன்கள் ஆரஞ்சு மிகுந்த ஆண்களையே நாடுகின்றன. மரங்கள் அடர்ந்த ஓடையில் வெயில் விழுவதில்லை, பாசி குறைவு, கரோட்டினாய்டும் குறைவு. அங்கே நன்றாகச் சிவந்து நிற்கும் ஆண், இரை தேடுவதில் கெட்டிக்காரன் என்பதற்கு அந்தப் புள்ளியே நற்சான்று. அந்த ஓடைகளில் விழும் ஆரஞ்சு நிறப் பழங்களைக் கப்பிகள் ஆவலோடு தின்கின்றன. அதே நிறத்தில் சிறு வட்டத் தகடு ஒன்றைப் போட்டாலும் வந்து கொத்துகின்றன என்று 2002-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

அதைவிட அழகான ஒரு சோதனையை 1990-இல் மிலின்ஸ்கி, பேக்கர் என்ற இரு விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். ஐரோப்பாவில் ஸ்டிக்கிள்பேக் என்னும் சிறு மீன் உண்டு. இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் கழுத்தும் வயிறும் சிவக்கும். இரு ஆண்களைக் காட்டினால் பெண் மீன், சிவப்பு மிகுந்ததையே நாடியது. பிறகு அந்தச் சிவந்த ஆணுக்கு வெண்புள்ளி நோயை உண்டாக்கும் ஒட்டுண்ணியைத் தொற்றச் செய்தார்கள். அதன் சிவப்பு மங்கியது. பெண்ணின் நாட்டமும் குறைந்தது. மங்கிய நிறம்தான் காரணம் என்று எப்படி நிச்சயிப்பது? நோயாளி மீன் ஆட்டம் போடுவதிலும் மங்கியிருக்கலாமே? அதற்கு அவர்கள் செய்த உபாயம் எளிது: பச்சை விளக்கின் கீழ் அதே மீன்களைக் காட்டினார்கள். பச்சை ஒளியில் சிவப்பின் ஏற்றத்தாழ்வு தெரியாது. நல்ல மீனையும் நோயுற்ற மீனையும் பெண் மீனால் பிரித்தறிய முடியவில்லை! விளக்கை மாற்றியே விடை கண்டார்கள்.

பொய்ச் சிவப்பு

அடர்ந்த நிறத்துக்கு விலை அதிகம். சென்னையில் கொளத்தூர் வண்ணமீன் கடைகளுக்குச் சென்றிருந்தால் இதை நேரில் பார்த்திருப்பீர்கள். விலை இருக்கும் இடத்தில் குறுக்கு வழியும் இருக்கும். அவற்றில் ஒன்று, தீவனத்தில் ஆண் ஹார்மோன் சேர்ப்பது. மங்கலாக இருக்க வேண்டிய குஞ்சுகளும் பெண் மீன்களும் சில நாள்களில் வண்ணம் பூத்துவிடும். ஹார்மோன் நின்றதும் அந்த வண்ணம் ஓடிவிடும். மீன் மலடாவதும் உண்டு. மிகச் சிறிய குஞ்சு முழு வளர்ச்சி பெற்ற ஆண் மீனின் நிறத்தில் மின்னினால் சந்தேகப்படுங்கள்.

அதைவிடக் கொடியது ஊசி. நம் நாட்டு ஆறுகளிலும் வயல்களிலும் காணப்படும் கண்ணாடி மீன், உள்முள் தெரியும்படி ஒளி புகும் உடலுடையது. அதன் உடலுக்குள் பளிச்சென்ற சாயத்தை ஊசியால் ஏற்றி, பச்சையும் இளஞ்சிவப்பும் கொண்ட புது இனம் போல விற்றார்கள். பல மீன்கள் இதில் மாண்டன. பிழைத்தவற்றின் சாயமும் மாதங்களில் மறைந்தது. ஒளி புகும் மீனில் இருபுறமும் ஒரே மாதிரி பட்டையாகச் சாயம் தெரிந்தால் அதை வாங்க வேண்டா.

(2003 முதல் அமெரிக்காவில் விற்கப்படும் ஒளிரும் வரிக்குதிரை மீன் இவ்விரண்டிலும் சேராது. ஜெல்லி மீன், பவளம் ஆகியவற்றின் ஒளிரும் புரதத்துக்கான மரபணுவை அதன் முட்டையில் புகுத்தியிருக்கிறார்கள். அதன் நிறம் குஞ்சுகளுக்கும் வரும்.)

நல்ல நிறமியானாலும் அளவு உண்டு. கேந்தாசாந்தின் என்ற கரோட்டினாய்டை, தோலுக்குப் பொன்னிறம் வரும் என்று மாத்திரையாக விழுங்கிய மனிதர்கள் சிலரின் விழித்திரையில் அதன் படிகங்கள் படிந்தன. இதைக் கருதி ஐரோப்பிய நாடுகள், சால்மன் தீவனத்தில் அதன் அளவை 2003-இல் ஒரு கிலோவுக்கு 25 மில்லிகிராம் என்று குறைத்தன.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே அளவுள்ள ஆரஞ்சுத் தங்கமீன் ஆறு வாங்குங்கள். ஒரே அளவுள்ள இரண்டு தொட்டிகளில் மும்மூன்றாக விடுங்கள். அடித்தள மணல், தண்ணீர், வெளிச்சம் எல்லாம் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். சுவரில் பாசி பிடித்தால் உடனே வழித்துவிடுங்கள். இல்லாவிட்டால் மீன்கள் இரகசியமாக அதைத் தின்று சோதனையைக் கெடுத்துவிடும்.

தீவனத்துக்கு அரிசித் தவிடு, கடலைப்பிண்ணாக்கு, கருவாட்டுத் தூள் ஆகியவற்றைச் சம அளவு அரைத்து, முட்டையின் வெள்ளைக் கருவும் ஒரு தேக்கரண்டி எண்ணெயும் விட்டுப் பிசையுங்கள். மஞ்சள் கருவைச் சேர்க்கக் கூடாது. அதன் மஞ்சளே லூட்டீன்தான். மக்காச்சோள மாவும் இறால் தலையும் அதே காரணத்தால் ஆகா. எண்ணெய் எதற்கு என்றால், கரோட்டினாய்டு நீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். கொழுப்போடு சென்றால்தான் குடல் அதை உறிஞ்சும். மாவை இரண்டாகப் பகிர்ந்து, ஒரு பாதியில் மட்டும் நூறு கிராமுக்கு 5 கிராம் சுருள்பாசித் தூள் சேருங்கள். சுருள்பாசி கிடைக்காவிட்டால் நிழலில் உலர்த்திய செண்டுமல்லி இதழ்த் தூளைச் சேர்க்கலாம். மாலைக்கு விற்கும் பூ வேண்டா, அதில் பூச்சி மருந்து இருக்கலாம். வீட்டுச் செடியின் பூவே நல்லது. இரண்டையும் இடியாப்ப உரலில் பிழிந்து நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் உலர்த்தினால் நிறமியின் இரட்டைப் பிணைப்புகள் ஒளியாலும் காற்றிலுள்ள ஆக்சிஜனாலும் அறுபட்டுவிடும். கண்ணாடிச் சீசாவில் மாதக் கணக்கில் வெளிச்சத்தில் நிற்கும் கடைத் தீவனம் பயனற்றுப் போவதும் இதனால்தான். உங்கள் தீவனத்தை இறுக மூடி இருட்டில் வையுங்கள். இரண்டு தொட்டிக்கும் ஒரே எடை போடுங்கள். ஐந்து நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு போதும்.

நிறத்தை எப்படி அளப்பது? இளமஞ்சள் முதல் சிவப்பு வரை பத்துப் படிகளில் அட்டையில் வண்ணம் தீட்டி எண்ணிட்டுக் கொள்ளுங்கள். எந்தத் தொட்டிக்கு எந்தத் தீவனம் என்று அறியாத நண்பர் ஒருவரை வாரம் ஒரு முறை, அதே நேரத்தில், சன்னல் வெளிச்சத்தில் ஒப்பிட்டு எண் சொல்லச் சொல்லுங்கள். தீவனம் தெரிந்தவர் கண்ணுக்கு எப்போதும் ஒரு படி கூடுதலாகவே தெரியும்! இன்னொரு வழியும் உண்டு. நீலக் கண்ணாடித் தாளின் வழியாக மீன்களைப் பாருங்கள். கரோட்டினாய்டு நீலத்தை விழுங்கும் என்று கண்டோமல்லவா? ஆகவே நிறமி மிகுந்த மீன் கறுத்தும், குறைந்த மீன் வெளுத்தும் தெரியும். கைப்பேசியால் படம் எடுப்பவர்கள் ஒவ்வொரு படத்திலும் ஒரே வெள்ளைத் தாள் துண்டு தெரியும்படி வைத்துக்கொண்டால், வெளிச்சம் மாறியதா, மீன் மாறியதா என்பதைப் பிரித்துச் சொல்லலாம்.

முதல் இரண்டு வாரம் பெரிதாக ஒன்றும் தெரியாது, பொறுமை வேண்டும். எட்டாவது வாரம் முடிந்ததும் இரண்டு தொட்டிகளின் தீவனத்தையும் இடம் மாற்றிப் போட்டு, மேலும் எட்டு வாரம் எண்களைக் குறித்து வாருங்கள். வாரத்தைக் கிடை அச்சிலும் நிற எண்ணைக் குத்து அச்சிலும் வைத்து வரைபடம் வரைந்தால், இரண்டு கோடுகளும் ஒன்றையொன்று வெட்டிச் செல்கின்றனவா என்று பாருங்கள். வெட்டினால் எந்த வாரத்தில், சிவப்பது வேகமா வெளுப்பது வேகமா என்பதையும் அந்தக் கோடுகளின் சரிவிலிருந்தே படித்துக்கொள்ளலாம்.